முப்பத்தொரு ஆமென்

மூன்றாவது தையல் மெஷின் லாரியில் ஏறியபோது மணி பத்தே கால். இன்னும் ஐந்து பாக்கி. பதினொன்றே காலுக்குச் சாலையை மூடப் போவதாக அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மெஷினுக்குப் பத்து நிமிடம் என்றால் ஐம்பது நிமிடம். கையில் இருப்பது அறுபது.

“பத்து நிமிஷம் மிச்சம்ணே! தூக்குங்க!” என்றாள் வாசுகி.

“நீ என்ன பொம்பளையா, கிரேனா?” என்று மூச்சு வாங்கினார் மனோகரன். “முதுகு போச்சு. இரு, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன்.”

“சுத்தி எவ்வளவு தண்ணி இருக்கு, இன்னும் தண்ணியா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிம்பாங் ரெங்கத்திலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி வந்தவர். செம்பனைக் குலைகளை ஏற்றும் உயரமான லாரி அவருடையது. இந்தத் தாமான் குடியிருப்புக்குள் இன்றைக்கு நுழையக்கூடிய ஒரே வண்டி அதுதான். வாசுகியின் அண்ணனோடு ஒன்றாகப் படித்த உரிமையில், வாசுகி கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் வந்து நின்றார்.

பத்து பகாட் ஊர்ப்பக்கத்து வெள்ளம் பாய்ந்து வராது. அழையாத விருந்தாளிபோல மெதுவாக உள்ளே வந்து உட்காரும், வாரக்கணக்கில் எழுந்திருக்காது. ஒன்பது நாள் மழைக்குப் பிறகு இன்று காலை அது வாசுகியின் பட்டறைக்குள் நுழைந்து கணுக்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. தெருவில் முழங்கால்.

எட்டு மெஷின்கள். மூடிவிட்ட ஒரு தொழிற்சாலையிலிருந்து ஒவ்வொன்றாக அவள் வாங்கிச் சேர்க்க ஏழு வருடம் ஆயிற்று. அவளோடு நான்கு பெண்கள் வேலை செய்தார்கள். பள்ளிச் சீருடை தைப்பதுதான் தொழில். அந்த மெஷின்களில் மோட்டார் மேஜைக்கு அடியில், முழங்காலுக்குச் சற்று மேலே தொங்கும். தண்ணீர் அதைத் தொட்டால் கதை முடிந்தது. மெஷின்களை மேட்டிலிருக்கும் சபை மண்டபத்தில் இறக்கிவிட்டால் போதும். ஐந்து குடும்பம் பிழைத்துக்கொள்ளும்.

நான்காவது மெஷினைச் சரிவுப் பலகை வரைக்கும் இழுத்து வந்த நேரத்தில் அவள் கைப்பேசி அடித்தது. பாஸ்டர்.

“ஸ்தோத்திரம் பாஸ்டர்! மண்டபத்தைத் திறந்து வைங்க, பதினொன்றரைக்கெல்லாம் வந்துடுவோம்.”

“ஸ்தோத்திரம் சிஸ்டர். செல்லம் அக்கா எப்படி இருக்காங்க? கிளினிக்ல கொண்டு போய் விட்டாச்சா? ரெண்டு மணி நேரமா அவங்க போன் எடுக்கல.”

வாசுகிக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்தச் செல்லம் அக்கா? நம்ம பாடகர் குழு செல்லப்பாக்கியம் அக்காவா? அவங்கள நான் எதுக்கு...”

பாஸ்டர் குறுக்கிட்டார்.

“சிஸ்டர், நீங்கதானே முதல் ஆளா ஆமென் போட்டீங்க?”

“அது... எல்லாரும்தான் போட்டாங்க.”

“நீங்க ஆமென் போட்டு, அடுத்த நிமிஷமே லாரி கெடச்சிருச்சு, நம்ம தாமானுக்கு வருதுன்னு போட்டீங்க. அவங்க வீடு உங்க தாமான்லதான் கடைசித் தெரு. எல்லாருமே என்ன நெனச்சோம்? வாசுகி சிஸ்டர் அக்காவைக் கூட்டிட்டு வரப் போறாங்க, தேவன் லாரி அனுப்பிட்டாருன்னுதான் நெனச்சோம். அதனாலதான் அத்தனை பேரும் ஆமென் போட்டாங்க!”

வாசுகி பலகையின்மேல் அப்படியே உட்கார்ந்தாள்.

“இன்னொண்ணு சிஸ்டர்,” பாஸ்டரின் குரல் இறங்கியது. “எட்டரைக்கு ஒரு மீட்புப் படகு கெடச்சுது. அக்காவுக்குன்னு கேட்டு வாங்கினதே நான்தான். நீங்க போறீங்கன்னு நம்பி, அக்கா பேரை அடிச்சிட்டு, படகை ஆத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிட்டேன். இனி அது சாயங்காலம்தான் திரும்பும்.”

“நான் திரும்பக் கூப்பிடுறேன் பாஸ்டர்.”

அவள் சபையின் ஜெபக் குழுவைத் திறந்தாள். காலை ஏழு பத்துக்குச் செல்லப்பாக்கியத்தின் செய்தி. அப்போது படிக்கவில்லை, கடைசி வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டு விரல் தானாக அடித்திருந்தது. இப்போது முழுவதும் படித்தாள்.

‘வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்குப் போக இயலவில்லை. இன்று பன்னிரண்டு மணிக்கு என் முறை. மூச்சு சற்றுச் சிரமம். ஜெபிக்கவும்.’

அதன் கீழே அவளுடைய ஆமென். அதன் கீழே அவளுடைய லாரிச் செய்தி. அதன் கீழே வரிசையாக, கூப்பிய கைகளோடு, இன்னும் முப்பது ஆமென். முப்பத்தொரு பேர் ஆமென் சொல்லியிருந்தார்கள். ஒருவரும் ‘யார் போகிறீர்கள்?’ என்று கேட்கவில்லை.

செல்லப்பாக்கியம் யாரிடமும் உதவி கேட்கிற ஆள் இல்லை. அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் தலைமை எழுத்தராக இருந்தவள். கணவர் போனபிறகும், இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்தபிறகும் தனியாகவே பேருந்து பிடித்துப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறவள். அப்படிப்பட்டவள் ‘மூச்சு சற்றுச் சிரமம்’ என்று எழுதினால் அது சற்றுச் சிரமமாக இருக்காது.

அந்த அம்மாள்மேல் வாசுகிக்கு ஒரு பழைய காய்ச்சல் இருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு முன் பாடகர் குழுவின் அங்கிக்கு மாதிரி ஒன்றை ஆசையாகத் தைத்துக்கொண்டு போனாள். பதினான்கு பேர் பார்க்கச் செல்லப்பாக்கியம் அதைத் திருப்பி, கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஓரத் தையலில் நகத்தை விட்டுச் சர்ரென்று பிரித்தாள். “இது தையலோ, தவளை தாண்டினதோ?” அங்கிகளைக் குளுவாங்கில் ஒரு கடைக்குக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வாசுகி பாடகர் குழுவுக்குப் போவதில்லை. ஆராதனையிலும் நான்கு வரிசை தள்ளியே உட்காருவாள். அந்த அம்மாளின் ஜெப விண்ணப்பத்துக்கு மட்டும் முதல் ஆளாக ஆமென் போட்டுவிடுவாள். விரலுக்கு என்ன செலவு?

“என்ன தங்கச்சி, பேயடிச்ச மாதிரி உட்கார்ந்துட்டே?” மனோகரன் அருகே வந்தார்.

சொன்னாள். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அலமாக்! முப்பத்தோரு பேரு ஆமென் போட்டு ஒரு ஆளும் போகலையா? எங்க கோயில் குரூப்ல ‘ஓம்’ போடுவோம். அதே கதைதான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “கேளு. கடைசித் தெரு பள்ளம். தண்ணி தொடை வரைக்கும் இருக்கும். போய்த் திரும்ப எப்படியும் முக்கா மணி நேரம். ஒண்ணு மெஷினு, இல்ல அந்தம்மா. ரெண்டும் ஆகாது.”

“தெரியும்ணே.”

“நீ ஒண்ணும் வாக்குக் கொடுக்கல. அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. அதுவும் உண்மைதான்.”

அதுவும் உண்மைதான். அதைத்தான் அவளும் ஒரு நிமிடமாகத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கூட்டி வருகிறேன் என்று எங்கே எழுதினேன்? பாஸ்டர் ஏன் கேட்டுச் சரிபார்க்கவில்லை? தீயணைப்புப் படை எதற்கு இருக்கிறது? ஒவ்வொன்றும் நல்ல வாதம். ஒவ்வொன்றும் நேராக நின்றது. ஆனால் அத்தனை வாதத்துக்கும் அடியில் ஓர் அழுக்குச் சந்தோஷம் கிடப்பதை அவள் கண்டுகொண்டாள்: ‘அந்த அம்மாளுக்குத்தானே, கொஞ்சம் தெரியட்டும்.’

அதைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. ஆண்டவரே, இப்படி ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டா ஞாயிற்றுக்கிழமைதோறும் உம் பந்தியில் கை நீட்டினேன்?

எழுந்தாள். கையிலிருந்த ஸ்பேனரை மேஜைமேல் எறிந்தாள்.

“அண்ணே, வண்டிய எடுங்க.”

“அஞ்சு மெஷினு தங்கச்சி! ஏழு வருஷம்!”

“மெஷினுக்கு மூச்சு முட்டாதுண்ணே. எடுங்க!”

மனோகரன் ஒரு நொடி அவளைப் பார்த்தார். அடுத்த நொடி அந்தப் பெரிய உடம்பு எப்படித்தான் அவ்வளவு வேகமாக ஏறியதோ, லாரி உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது!

முதல் இரண்டு தெருவும் தொல்லையில்லை. மூன்றாவது திருப்பத்தில் தெருவே காணாமல் போயிருந்தது. தேநீர் நிறத்தில் ஒரே தண்ணீர். நடுவில் ஒரு கார் கூரை மட்டும் தெரிந்தது. இருபுறமும் ஆள் ஆழத்துக்குச் சாக்கடைக் கால்வாய் இருக்கிறது என்பது வாசுகிக்குத் தெரியும். எங்கே தெரு முடிகிறது, எங்கே கால்வாய் தொடங்குகிறது என்பது யாருக்கும் தெரியாது.

“ஒரு சக்கரம் உள்ள போச்சுன்னா அப்புறம் லாரிய தூக்க இன்னொரு லாரி வரணும்,” என்றார் மனோகரன்.

“குலை தூக்குற கம்பி இருக்கா?”

“பின்னாடி இருக்கு. எதுக்கு?”

அவள் அதற்குள் இறங்கிவிட்டாள். செம்பனைக் குலையைக் குத்தித் தூக்குகிற அந்த நீள இரும்புக் கம்பியை இடது பக்கம் குத்தினாள். டக்! தார். இன்னும் கொஞ்சம் தள்ளிக் குத்தினாள். கம்பி பாதி வரை உள்ளே போயிற்று. கால்வாய்!

“வலது பக்கம் ஒடிங்கண்ணே! என் பின்னாடியே வாங்க!”

தொடையளவு தண்ணீரில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவள் முன்னே நடக்க, அவள் முதுகில் இடிப்பதுபோல லாரி பின்னே ஊர்ந்தது. குத்து, நட, குத்து, நட. காலில் ஏதோ வழுவழுவென்று உரசிக்கொண்டு போயிற்று.

“தங்கச்சி, பாம்பு!”

“தெரியும், அது பாட்டுக்குப் போகுது! நீங்க ஓட்டுங்க!”

பத்து முப்பத்தெட்டுக்குச் செல்லப்பாக்கியத்தின் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். கதவைத் தள்ளியதும் பிளாஸ்டிக் நாற்காலிகள் மிதந்து வந்து வரவேற்றன. உள்ளே, பெரிய சாப்பாட்டு மேசைமேல், நீலக் கரைச் சேலை கட்டி, மடியில் கைப்பையையும் அணைந்துபோன கைப்பேசியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அந்த அம்மாள். கால்கள் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல், வெறுங்காலாகத் தொங்கின. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் உயர்ந்து தாழ்ந்தது.

“ஆர் அது?”

“வாசுகிதான்க்கா.”

“நீயோ?” பாதி மூச்சிலும் அந்தக் குரலில் அதிகாரம் குறையவில்லை. “நீ என்னத்துக்கு வந்தனீ? நான் ஒருத்தரையும் வரச் சொல்லேல்லை. ஜெபிக்கத்தானே சொன்னனான்?”

“ஜெபிச்சாச்சுக்கா, வாங்க. மிச்சத்த லாரியில பேசிக்கலாம்.”

“என்ர பாட்டு ஃபைல்...”

“ஃபைல் நீந்தும். நீங்க நீந்த மாட்டீங்க. கையக் குடுங்க!”

மனோகரனும் அவளும் கைகளைக் கோத்து இருக்கையாக்கினார்கள். அதில் அந்த அம்மாளை உட்கார்த்தி, தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு லாரி வரைக்கும் வந்துவிட்டார்கள். அங்கேதான் சிக்கல். லாரியின் கதவுப்படி, நின்றால் மார்புக்கு வரும். வீங்கிய காலை அந்த அம்மாளால் ஒரு சாண்கூடத் தூக்க முடியவில்லை. கீழேயிருந்து இருவரும் முட்டுக்கொடுத்துத் தள்ளினார்கள். ஈரத்தில் வழுக்கி அப்படியே சரிந்து வந்தாள். இரண்டாவது தடவையும் அதே கதை. உதடு நீலமாக மாறத் தொடங்கியது.

“சரிவுப் பலகை?” என்றாள் வாசுகி.

“பட்டறையிலேயே விட்டுட்டோமே!” மனோகரன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “உள்ள இருக்கிற மேசை?”

“கதவுல நுழையாது.”

இருவர் பார்வையும் ஒரே நேரத்தில் லாரியின் பின்பக்கம் போயிற்று. மூன்று மெஷின்கள். இரும்புக் கால், கனமான பலகை. தண்ணீரில் அசையாமல் நிற்கும். முழங்காலுக்குச் சற்று மேலே தொங்கும் மோட்டாரோடு.

“வேணாம் தங்கச்சி,” என்றார் மனோகரன் மெதுவாக.

ஓரமாக நின்றது அவள் முதன்முதலில் வாங்கிய மெஷின். அதில்தான் அவள் உட்காருவாள். வேறு யாரையும் உட்கார விடமாட்டாள்.

“அதை இறக்குங்கண்ணே. சீக்கிரம்! நான் அக்காவைப் பிடிச்சுக்கிறேன்.”

மனோகரன் தனியாளாக அதை ஓரத்துக்கு இழுத்து, தோளில் தாங்கி, கதவருகே தண்ணீருக்குள் இறக்கினார். டொப்பென்று உட்கார்ந்தது. குமிழிகள் கொப்பளித்து வந்தன. வாசுகி அந்தக் குமிழிகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள். மெஷினின் தலையைப் பின்பக்கம் சாய்த்துவிட்டு, பலகையின்மேல் அந்த அம்மாளை உட்கார்த்தி, அங்கிருந்து எழுப்பி நிறுத்தினார்கள். “வலது கால்... இப்ப இடது... பிடிச்சுக்குங்க... ஏறுங்க!” என்று கத்திக்கொண்டே தள்ள, செல்லப்பாக்கியம் இருக்கையில் போய் விழுந்தாள்!

“ஏறியாச்சு!” மனோகரன் கூவினார். “முருகா!”

“ஏசப்பா!” என்று மறுபக்கத்திலிருந்து வாசுகி.

“ரெண்டு பேரையும் கூப்பிட்டாச்சு, எடு வண்டிய!” என்று நடுவிலிருந்து செல்லப்பாக்கியம்.

திரும்பும் வழியில் வாசுகி மறுபடி கம்பியோடு முன்னே நடந்தாள். தண்ணீர் நான்கு விரல் கூடியிருந்தது. தெரு மேடானதும் ஓடிவந்து ஏறிக்கொண்டாள். லாரி தன் பட்டறையைத் தாண்டியபோது அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. திறந்த கதவுக்குள் ஐந்து மெஷின்களும், கூட்டிப்போக ஆள் வராத பள்ளிப் பிள்ளைகளைப்போல வரிசையாக நின்றன.

பிரதான சாலை வாயிலில் தடுப்பைப் போட்டுவிட்டார்கள்! மணி பதினொன்றுதான், ஆனால் தண்ணீர் மணி பார்க்கவில்லை. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட அதிகாரி ஒருவர் இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினார்.

“தூத்தோப்! ஜாலான் தூத்தோப்!” சாலை மூடியாயிற்று.

வாசுகி தலையை வெளியே நீட்டி, தொண்டை கிழியக் கத்தினாள்: “டயாலிசிஸ், என்சே! டயாலிசிஸ்!”

அந்த ஒரு வார்த்தை எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். அவர் ஓடி வந்தார். உள்ளே சாய்ந்திருந்த அம்மாளின் உதட்டைப் பார்த்தார். திரும்பித் தன் ஆட்களிடம் ஏதோ சத்தம் போட்டார். தடுப்பு விலகியது. போகிற போக்கில் ஒரு மஞ்சள் தாளைக் கண்ணாடியில் ஒட்டினார். நோயாளி ஏற்றும் வண்டிக்கான அனுமதி, ஒன்றரை மணி வரைக்கும் செல்லும்.

“இப்ப பிடிச்சுக்குங்க!” என்றார் மனோகரன். அடுத்த இருநூறு மீட்டரில் எஞ்சின் இரண்டு முறை இருமியது. “நின்னுடாதடா, நின்னுடாதடா ராசா,” என்று லாரியின் கழுத்தைத் தடவுவதுபோல ஸ்டியரிங்கைத் தடவினார். இரண்டு பக்கமும் தண்ணீர் இறக்கை மாதிரி விரிந்து அடித்தது. மூன்றாவது இருமலில் வாசுகி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது சக்கரத்தின் கீழே தார் கறுப்பாகப் பளபளத்தது. வெளியே வந்துவிட்டார்கள்! வாசுகி பாஸ்டரைக் கூப்பிட்டு, அக்காவோடு கிளினிக்குக்கு வருவதாகச் சொன்னாள்.

நகரத்துக் கிளினிக்கை எட்டியபோது மணி பதினொன்று இருபத்தைந்து. வாசலிலேயே சக்கர நாற்காலியோடு தாதி நின்றாள். பக்கத்தில் குடையை மறந்து நனைந்துகொண்டு பாஸ்டர்.

“சிஸ்டர், என்னை மன்னிச்சிடுங்க. நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.”

“நான் ஒரு வார்த்தை படிச்சிருக்கணும் பாஸ்டர்,” என்றாள் வாசுகி.

உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது செல்லப்பாக்கியம் கையைத் தூக்கி நாற்காலியை நிறுத்தச் சொன்னாள். “நான் கால் வைச்சு ஏறினது உன்ர மெஷினோ?”

“ஆமாக்கா.”

“மிச்சம்?”

“ரெண்டு லாரியில இருக்கு. அஞ்சு பட்டறையில நிக்குது.”

அந்த அம்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் என்னவோ மின்னியது.  

“ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு வா. கீழ்க் குரலுக்கு ஆள் இல்லை.” ஒரு மூச்சு. “நேரத்துக்கு வா.”

நாற்காலி உருண்டு போயிற்று. வாசுகிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“தங்கச்சி!” மனோகரன் ஓடி வந்தார். கண்ணெல்லாம் ஒளி. “அந்த மஞ்சள் தாளு! ஒன்றரை வரைக்கும் நம்மள உள்ள விடுவாங்க. இப்ப மணி பன்னெண்டுகூட ஆகல. பட்டறையில தண்ணி மோட்டாரைத் தொட இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். பாஸ்டரையும் கூட்டிக்குவோம், மூணு பேரு, அஞ்சு மெஷினு. அடிச்சுத் தூக்கிடலாம்!”

வாசுகியின் நெஞ்சு எகிறியது. ஆண்டவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்! இதற்குத்தானே அந்த அதிகாரி கேட்காமலே தாளை ஒட்டினார்? அவள் லாரியை நோக்கி ஓடினாள். ஒரு காலை எடுத்துப் படியிலும் வைத்துவிட்டாள்.

கிளினிக்கின் திறந்த சன்னல் வழியே தாதியின் குரல் கேட்டது. அவள் வாசுகியிடம் பேசவில்லை. தொலைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அழாதம்மா ஷைமா. அத்தாவை நிமிர்த்தி உட்கார வை, படுக்க விடாதே. ஒன்றரை வரைக்கும் நாற்காலியைப் பிடிச்சு வைக்கிறேன். படகு வந்திடும்லா... வரும், வரும்.”

வாசுகியின் கால் படியிலேயே நின்றது. “யாருங்க?” என்று சன்னலருகே போய்க் கேட்டாள்.

“அப்துல் பாசித்ன்னு ஒரு பாய். சாப்பாட்டுக் கடை வச்சிருக்கார். அவருக்கும் இன்னிக்குத்தான் முறை. கம்பத்து ரோட்டுல மாட்டிக்கிட்டாங்க. மகள் மட்டும்தான் கூட.” தாதி பெருமூச்சு விட்டாள். “இனி படகு எங்கே...” அவள் வாசுகியிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டாள்.

கம்பத்து ரோடு எங்கே இருக்கிறது என்று வாசுகிக்குத் தெரியும். தடுப்பைத் தாண்டியதும் இரண்டாகப் பிரியும் இடத்தில், இடதுபக்கம் போனால் அவள் பட்டறை. வலதுபக்கம் போனால் அது.

இந்த முறை அவள் எங்கேயும் ஆமென் போடவில்லை. யாரும் அவளை நம்பிக் காத்திருக்கவில்லை. அந்தப் பாய் அவள் சபை இல்லை, தெரு இல்லை, கடைக்குக்கூட அவள் போனதில்லை. இடதுபக்கம் திரும்பினால் உலகத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். காலையில் வெட்கம் அவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போயிற்று. இப்போது தள்ள ஆளில்லை. போவதானால் தானாகத்தான் போக வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், நெஞ்சு படபடத்ததே தவிர, பாரமாக இல்லை. ஓட வேண்டும்போல இருந்தது.

“அண்ணே, இந்த ரெண்டு மெஷினையும் இறக்குங்க.”

“இங்கயா? எதுக்கு?”

“பாயும் அவர் மகளும் வரணும். சக்கர நாற்காலி இருந்தாலும் இருக்கும். எடம் வேணும். அப்படியே பலகையா எதையாவது இங்க கேட்டு வாங்கிப் போட்டுக்குங்க, ஏத்துறதுக்கு.”

மனோகரன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். “அந்த அஞ்சு?”

“நிக்கட்டும்.”

“போயிடும் தங்கச்சி. எல்லாம் போயிடும். நாளைக்கு என்ன செய்வே?”

“நாளைக்குப் பயப்படலாம்ணே. இப்ப நேரமில்ல!”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே பின்கதவைத் திறந்தார். பாஸ்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து மெஷினின் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு மெஷின்களும் கிளினிக்கின் நடைபாதையில் இறங்கின. சிகிச்சைக்கு வந்தவர்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். காவலாளி ஒருவர் எங்கிருந்தோ ஒரு நீளப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பாஸ்டர் பின்னால் ஏறி நின்றுகொண்டார். “ஆள் தூக்கத்தானே? நானும் வர்றேன்.”

பன்னிரண்டு பத்துக்கு லாரி மறுபடி அந்தத் தடுப்பின் முன் நின்றது. மழைக்கோட்டு அதிகாரி மஞ்சள் தாளைப் பார்த்து, பெருவிரலை உயர்த்தி வழிவிட்டார். சாலை பிரியும் இடத்தில் மனோகரன் வேகத்தைக் குறைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

இடதுபுறம், மரங்களுக்கு நடுவே, பட்டறையின் சிவப்புத் தகரக் கூரை தெரிந்தது. இங்கிருந்து ஐந்தே நிமிடம்.

“வலது பக்கம்ணே,” என்றாள் வாசுகி. “நேராப் போங்க, நிறுத்தாதீங்க.”

லாரி வலப்பக்கம் திரும்பித் தண்ணீருக்குள் இறங்கியது. அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டின் மாடிச் சன்னலில் பச்சை முக்காடிட்ட ஒரு பெண் துண்டை வீசிக்கொண்டிருந்தாள். லாரியைக் கண்டதும் அந்தத் துண்டு பைத்தியம் பிடித்ததுபோலச் சுழலத் தொடங்கியது.

வாசுகி சன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டி, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

“ஷைமா! அத்தாவைக் கீழே கொண்டு வாம்மா! வந்துட்டோம்!”